அத்தியாயம் 9: என் டப்பாவைத் திருப்பிக் கொடு

“தேடிப் பாத்தோம், கெடைக்கலைன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதும்” என்றார் சர்வீஸ் மேனேஜர்.

மணி பதினொன்று இருபது. நாங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

லிஃப்ட்டுகளைப் பராமரிக்கும் கம்பெனி அது. மூன்றாவது மாடியில் மேனேஜரின் அறை. மேசைமேல் காகிதம் பறக்காமலிருக்க அறுந்த எஃகுக் கயிற்றுத் துண்டு ஒன்று. சுவரோரம் பழைய லிஃப்ட்டுகளிலிருந்து கழற்றிய பொத்தான் பலகைகள் சாத்தியிருந்தன. எல்லாவற்றிலும் ‘மூடு’ என்ற பொத்தான் மட்டும் தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. அடுத்தவன் ஓடி வந்து ஏறிவிடுவானோ என்று மனிதர்களுக்கு அவ்வளவு பயம்.

என் பாஸ் தன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரெல்லாம் அவரை டைப்பிஸ்டம்மா என்றுதான் சொல்லும். இருபத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் சாட்சிகள் சொன்ன பொய்யையெல்லாம் ஓர் எழுத்துக்கூடத் தவறாமல் தட்டச்சு செய்தவர். ‘இனிமேல் நிஜத்தைக் கொஞ்சம் பாக்கலாம்’ என்று வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தார். நான் அவருடைய உதவியாளன். என் பெயர் வீட்டு ரேஷன் அட்டையோடு சரி. சட்டைப்பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருப்பதால் ஸ்க்ரூ.

“மொதல்ல இருந்து சொல்லுங்க” என்றார் பாஸ்.

மேனேஜர் சொன்னார். போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு ஒரு கிளினிக்கில் லிஃப்ட் ஒன்றரை மாடி நழுவி விழுந்தது. உள்ளே இருந்த நர்ஸுக்கு முழங்கால் நொறுங்கிவிட்டது. அந்த லிஃப்ட்டைக் கவனித்துவந்த மெக்கானிக், மேனேஜரின் சொந்தத் தம்பி. பிரேக் தேய்ந்துவிட்டது, லிஃப்ட்டை நிறுத்துங்கள் என்று மூன்று மெயில் அனுப்பினேன் என்கிறான் தம்பி. ஒன்றுகூட வரவில்லை என்கிறார் அக்கா. இன்று மாலை நான்கு மணிக்கு ஐந்தாவது மாடியில் விசாரணை. மெயில் இல்லையென்றால் தம்பியின் லைசென்ஸ் போய்விடும். ஆயுசுக்கும் அவன் ஒரு லிஃப்ட்டைத் தொட முடியாது.

“அவர் அனுப்பின கருவியில காப்பி இருக்குமே?”

“கம்பெனி டேப்லெட். விழுந்த லிஃப்ட்டைப் பாக்க ஓடினப்போ குழிக்குள்ள நழுவ விட்டுட்டான். அப்பளமாயிடுச்சு.”

“சர்வர்ல?”

இதற்கு நான் பதில் சொன்னேன். “இங்க பழைய ஏற்பாடு பாஸ். மெயில் இந்தக் கம்ப்யூட்டர்ல இறங்கின ஒடனே சர்வர்ல அழிஞ்சிடும். இருந்தா இதுல இருக்கணும். இல்லைன்னா எங்கயும் இல்ல.”

“அதைத்தான் நானும் சொல்றேன். நீ பாத்து எழுதிக் குடு ஸ்க்ரூ” என்றார் மேனேஜர். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஒன்பது நாளாகத் தூங்காத முகம்.

இந்தக் கேஸை பாஸிடம் கொண்டுவந்தது நான்தான். மேனேஜரை எனக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். ஒரே கம்ப்யூட்டர் கடையில் அவர் கவுண்டரில் இருந்தார், நான் பின்னால் மெக்கானிக். ஒருநாள் ஒரு வாடிக்கையாளரின் ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்து உடைந்தது. முதலாளி என் சட்டையைப் பிடித்துவிட்டார். யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவில்லை, இவராகவே முன்னால் வந்து “நான்தான் சார் போட்டேன்” என்றார். அன்று அவருக்கு வேலை போயிற்று, எனக்கு நிலைத்தது. அதனால் காலையில் பஸ்ஸில் வரும்போது பாஸிடம் அடித்துச் சொல்லியிருந்தேன்: “தம்பி பொய் சொல்லலாம் பாஸ். அக்கா சொல்ல மாட்டாங்க. எழுதி வெச்சுக்கங்க.”

“நான் எழுதி வெச்சதெல்லாம் பெரும்பாலும் அப்படி ஆரம்பிச்சதுதான்” என்று மட்டும் சொன்னார் பாஸ்.

மேனேஜர் விசாரணைக்கான கோப்புகளைத் தூக்கிக்கொண்டு ஐந்தாவது மாடிக்குப் போனார். நான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பாஸ்வேர்டைத் தேட வேண்டிய சிரமம் இல்லை. திரையின் ஓரத்திலேயே மஞ்சள் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தது. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட மாதிரி.

மெயில் புரோகிராம் திறந்தது. இன்பாக்ஸில் முப்பத்தோராயிரம் கடிதங்கள்.

“ஆறு வருஷ விளம்பரம்கூட இருக்கு பாஸ். செருப்புத் தள்ளுபடி, பல் பரிசோதனை, ‘நீங்கள்தான் அந்த அதிர்ஷ்டசாலி’. எதையும் தூக்கிப் போட்டதே இல்ல.”

“நல்லது. தேடு.”

தம்பியின் பெயரைப் போட்டுத் தேடினேன். ஒன்றுமில்லை. தேடல் ‘இந்த ஃபோல்டர் மட்டும்’ என்று இருந்தது. ‘எல்லா ஃபோல்டரும்’ என்று மாற்றினேன். ஒன்றுமில்லை. ‘படிக்காதவை மட்டும்’ காட்டும் வடிகட்டி ஏதும் போட்டிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பிறகுதான் கவனித்தேன். தேடலுக்கான அட்டவணையே அரைகுறையாக நின்றிருந்தது. பதினோராயிரம் கடிதங்கள் இன்னும் பட்டியலில் ஏறவில்லை என்று அடியில் பொடி எழுத்தில் சொல்லியது.

“புத்தகத்துக்கு மொதப் பக்கத்துல பொருளடக்கம் போடறவன் பாதியில தூங்கிட்டான்னு வெச்சுக்கங்க. பக்கம் இருக்கும். பட்டியல்ல இருக்காது.”

“எழுப்பி விடு.”

அட்டவணையை அழித்துப் புதிதாகக் கட்டச் சொன்னேன். முக்கால் மணி நேரம் பிடித்தது. அதுவரை பாஸ் மேசை இழுப்பறையைத் திறந்து ஒவ்வொரு பேனாவாக எடுத்துக் காகிதத்தில் கிறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினாலு பேனா. பதினாலும் எழுதவில்லை.

அட்டவணை முழுதாகியது. ‘பிரேக்’ என்று தேடினேன். நூற்றுக்கணக்கில் வந்தன. இந்த மாதத்தில், அந்த கிளினிக்கைப் பற்றி, ஒன்றுகூட இல்லை. கிளினிக் பெயரைத் தேடினேன். ஸ்பாம் பார்த்தேன். அனுப்பப்படாமல் சிக்கிக் கிடக்கும் அவுட்பாக்ஸைக்கூடப் பார்த்தேன்.

“இல்ல பாஸ். தம்பி கதை விடறான். லெட்டரை எழுதிடலாமா?”

“தேடற வார்த்தை சரியான்னு அனுப்பினவரைக் கேக்காம எப்படி எழுத?” என்று எழுந்தார்.

தம்பி கீழ்த்தளத்தில் உதிரிபாகக் கிடங்கில் இருந்தான். முப்பத்தைந்து வயது, ஒடிசலான உடம்பு, நகக்கண்ணெல்லாம் கிரீஸ். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆனாலும் அங்கேயே உட்கார்ந்து திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தான். சும்மா இருக்கத் தெரியாதவன் போல.

எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “அக்கா அனுப்பிச்சாங்களா? நான் பொய் சொல்றேன்னு எழுத வந்தீங்களா?”

“அதை இவன் மாடியிலயே எழுத ஆரம்பிச்சுட்டான். நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்” என்று என்னைக் காட்டினார் பாஸ். “பிரேக் தேய்ஞ்சா போன் பண்ணிச் சொல்லலாமே?”

“சொன்னேன்மா. ‘மெயில்ல போடு, பாத்துக்கறேன்’னாங்க. இங்க வாயால சொன்னா கணக்கில்ல. லிஃப்ட்டை நிறுத்தற அதிகாரம் சர்வீஸ் மேனேஜருக்கு மட்டும்தான், அதுவும் மெயில் பாத்துத்தான். வியாழன் ஒண்ணு போட்டேன். வெள்ளி ஒண்ணு. திங்கள் ஒண்ணு. செவ்வாய் விழுந்துடுச்சு.” கையிலிருந்த திருகாணியைத் தவறான குவியலில் போட்டான். “எங்கம்மா போனப்புறம் என்னை வளத்ததே அவங்கதான். கைல திருப்புளி குடுத்ததும் அவங்கதான். இப்ப சீட்டைக் காப்பாத்திக்க என்னைத் தள்ளி விடறாங்க. நர்ஸம்மா காலை நான் ஒடச்ச மாதிரி எல்லாரும் பாக்கறாங்க. தாங்க முடியலைம்மா.”

“மெயில்ல என்ன எழுதினீங்க? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க.”

“எழுதலையே.”

“என்னது?”

“எனக்கு அதுல அடிக்க வராது. வேலைச் சீட்டுல பேனாவால எழுதி, போட்டோ புடிச்சு அனுப்பிடுவேன்.”

நான் என் தலையில் தட்டிக்கொண்டேன். எழுத்தே இல்லாத மெயிலில் ‘பிரேக்’ என்று தேடினால் எந்த ஜென்மத்தில் கிடைக்கும்?

“சரி, அனுப்பினவர் பெயராவது உங்க பெயர்தானே?”

“டேப்லெட் நாலு பேருக்குப் பொது. ‘களம் நாலு’ன்னுதான் போகும்.”

“தலைப்பு?” என்றேன். எனக்கு வேர்க்க ஆரம்பித்திருந்தது.

அவன் முதல் தடவையாகக் கூச்சப்பட்டான். “புதுசா மெயில் தொடங்க எனக்குத் தெரியாது. அட்ரஸ் போடணும், தலைப்பு போடணும்னு ஏகப்பட்டது கேக்குது. அக்கா ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு ஒரு மெயில் போட்டாங்க. அதைத் திறந்து ‘ரிப்ளை’ அமுக்கினா நேரா அவங்களுக்குப் போயிடும். எப்பவும் அதுக்கேதான் பதில் போடுவேன்.”

“அந்த மெயில் எதைப் பத்தி?”

“என் டப்பாவைத் திருப்பிக் கொடுன்னு. எனக்குச் சாப்பாடு குடுத்தனுப்பின டப்பா. நான் தொலைச்சுட்டேன்.”

பாஸ் சிரிக்கவில்லை. நானும் அடக்கிக்கொண்டேன். ரெண்டு வருடமாக ஒரு மாநகரத்தின் பாதி லிஃப்ட்டுகளின் உடல்நிலை, தொலைந்துபோன ஒரு சாப்பாட்டு டப்பாவின் கீழே சேர்ந்துகொண்டிருந்திருக்கிறது!

“ஒரு கேள்வி” என்றார் பாஸ். “உங்க அக்கா உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?”

“எலின்னு. சின்ன வயசுல அலமாரிக்குள்ள ஒளிஞ்சுக்குவேன். வேற யாருக்கும் தெரியாது. ஆபீஸ்ல தெரிஞ்சா மானம் போயிடும்.” திருகாணி ஒன்றைக் கையில் உருட்டினான். “ஒம்பது நாளா அப்படிக் கூப்பிடலை.”

“மூணு மணிக்கு மேல வாங்க” என்று அவனிடம் சொல்லிவிட்டு பாஸ் படியேறினார்.

திரும்பவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ‘டப்பா’ என்று தட்டினேன். கொட்டியது! ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள், எல்லாம் போட்டோ. தேய்ந்த கப்பி, அறுந்த கயிற்றிழை, எரிந்த பொத்தான். என் மூஞ்சியில் சிரிப்பு முளைத்தது. அப்படியே வாடியும் போயிற்று.

“பாஸ், நாலு மாசத்துக்கு முன்னாடியோட நிக்குது. அதுவரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு. அப்புறம் ஒண்ணுகூட இல்ல. கத்தரிச்ச மாதிரி.”

“அதுக்கு என்ன அர்த்தம்?”

“யாரோ ‘இக்னோர்’ அமுக்கியிருக்காங்க. ஒரு உரையாடலை இக்னோர் பண்ணிட்டா, அதுக்கு வர்ற பதில் எல்லாம் இன்பாக்ஸுக்கே வராது. வர வர நேரா குப்பைத்தொட்டிக்குப் போகும். ஒரு அமுக்கு. எத்தனை வருஷம் ஆனாலும் மறக்காது.”

“குப்பையைப் பாரு.”

திறந்தேன். பளிச்சென்று இருந்தது. ஒரு கடிதம் இல்லை. துடைத்து வைத்த மாதிரி காலி.

பாஸ் அந்தப் பதினாலு பேனாவையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். “எழுதாத பேனாவையே தூக்கிப் போடாதவங்க. இன்பாக்ஸ்ல முப்பத்தோராயிரம். ஆனா குப்பைத்தொட்டி மட்டும் சுத்தம்.”

“அப்ப காலி பண்ணினது இவங்க இல்ல பாஸ்! வேற யாரோ!”

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வாசனைத் திரவிய மணம். முதலாளியின் மாப்பிள்ளை. விற்பனைப் பிரிவு அவர் கையில். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, கையில் காபி. அந்த கிளினிக் ஒப்பந்தத்தைப் பிடித்து வந்ததே அவர்தான் என்று பின்னாலேயே கோப்புகளோடு இறங்கி வந்த மேனேஜர் அறிமுகம் செய்தார்.

“லெட்டர் ரெடியா?” என்றார் மாப்பிள்ளை.

“எழுதற பேனா கெடைக்கலை” என்றார் பாஸ்.

மாப்பிள்ளை தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். மேனேஜர் கதவைச் சாத்தினார். குப்பைத்தொட்டி காலியாயிருப்பதை நான் சொன்னதும் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“நான் யாரையும் குத்தம் சொல்லலை” என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். “விபத்து நடந்த அன்னிக்கு நாள் பூரா நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்தப்போ மாப்பிள்ளை இந்த சீட்ல உக்காந்து ஏதோ பாத்துட்டிருந்தாரு. பாஸ்வேர்டுதான் ஒட்டியே இருக்கே. நான் என்ன சொல்ல முடியும், முதலாளி வீட்டு ஆளு.” சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. “வாங்க பாஸ், அவர் சட்டையைக் கசக்கிட்டு வருவோம். ஒப்பந்தத்துக்காகத் துடைச்சிருக்கான். பாவம், அக்கா தம்பி ரெண்டு பேரையும் மோத விட்டுட்டு நடுவுல காபி குடிக்கிறான்.”

“உக்காரு ஸ்க்ரூ.”

“மணி மூணு பாஸ்!”

“வந்ததைத் தேடினே. போனதைத் தேடினே. தூக்கிப் போட்டதைத் தேடினே. எது பாக்கி?”

 பாஸ் திரையின் இடது ஓரத்தைச் சுட்டினார். ஃபோல்டர்களின் பட்டியல். ‘டிராஃப்ட்ஸ்’ என்பதன் பக்கத்தில் ஏழு என்று எண்.

“போகாதது” என்றார்.

எழுதத் தொடங்கி அனுப்பாமல் விட்டவை அங்கேதான் கிடக்கும். சேமிக்கச் சொல்லாவிட்டாலும், சில நிமிடம் கை நின்றால் புரோகிராமே தானாகச் சேமித்து வைத்துவிடும். எழுதுபவருக்கே தெரியாது; ‘எல்லா ஃபோல்டரும்’ என்று தேடினாலும் இந்தப் புரோகிராம் அதற்குள் போகாது. வந்த கடிதத்தைத் தேடும்போது யாராவது அங்கே போய்ப் பார்ப்பார்களா? நான் பார்க்கவில்லை. இத்தனை வருடத் தொழிலில் அது எனக்கு வெட்கக்கேடு.

ஏழையும் திறந்தேன். ஒன்றில் ‘மதிப்பிற்குரிய ஐயா’ மட்டும். ஒன்றில் லீவு விண்ணப்பம், காரணம் எழுதுமிடம் காலி. இரண்டில் ஒன்றுமே இல்லை. ஒன்று பாதி வாழ்த்து. ஒன்று மாப்பிள்ளையைப் பற்றி முதலாளிக்கு எழுதி, நல்லவேளையாக அனுப்பாத புகார்.

ஏழாவது: ‘பதில்: என் டப்பாவைத் திருப்பிக் கொடு.’

என் விரல் மவுஸின் மேல் நின்றுவிட்டது. அந்த நேரம் கதவைத் தட்டிவிட்டுத் தம்பி உள்ளே வந்தான்.

திறந்தேன். பதில் எழுதும்போது வந்த கடிதமும் கீழே ஒட்டிக்கொண்டு வரும் அல்லவா? கடிதத்துக்குள்ளேயே ஒட்டியிருந்ததால் போட்டோவும் வந்திருந்தது. கிரீஸ் கறை படிந்த வேலைச் சீட்டு. தேதி, விபத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. கோணல் கையெழுத்தில்: ‘கிளினிக் லிஃப்ட். பிரேக் லைனிங் முழுசா தேய்ஞ்சு போச்சு. கேபின் நிக்கிற எடத்துல நாலு விரல் எறங்குது. ஆள் ஏத்தக் கூடாது. அக்கா ஒடனே நிறுத்துங்க.’

“இதுதான்! இதுதான்மா!” தம்பி திரையைத் தொட்டே விட்டான். “நான் அனுப்பினேன்னு சொன்னேன்ல! பாருங்க, நான் பொய் சொல்லலை!”

அவன் கண் போட்டோவிலேயே இருந்தது. என் கண் அதற்கு மேலே போயிற்று. அதற்கு மேலே ஒரே ஒரு வரி தட்டச்சு செய்திருந்தது. சேமித்த நேரம், அதே வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பத்திரண்டு.

‘டேய் எலி, போட்டோ பாத்தேன். லிஃப்ட்டை இன்னைக்கே நிறுத்திடு. நான்’

அவ்வளவுதான். ‘நான்’ என்பதற்கு அப்புறம் ஒன்றுமில்லை.

மாப்பிள்ளைக்கு எலி என்ற பெயர் தெரியாது. ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது.  இன்னொரு முறை படித்தேன். எத்தனை முறை படித்தாலும் அதில் இருப்பதுதானே இருக்கும்.

தம்பியும் இப்போது மேலே படித்துவிட்டான். அவன் முகத்திலிருந்த சந்தோஷம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

“எதையும் தொடாதே. அப்படியே பிரின்ட் எடு. ரெண்டு காப்பி” என்றார் பாஸ். “நேரம் தெரியற மாதிரி போன்ல போட்டோவும் எடு.”

பிரின்டர் இரண்டாவது தாளைத் துப்பும்போது மேனேஜர் உள்ளே வந்தார். தாளைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். கோப்புகளை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

“வந்த ஒடனே எனக்கு ஒண்ணு உறுத்துச்சு” என்றார் பாஸ். கோபமே இல்லாத குரல். “பொருளைத் தொலைச்சவங்க, கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு கேப்பாங்க. நீங்க, கெடைக்கலைன்னு எழுதிக் குடுங்கன்னு கேட்டீங்க. அப்புறம் இந்தப் பேனா. எதையும் தூக்கிப் போடாத ஆள் வாழ்க்கையில ஒரே ஒரு தடவை குப்பையைக் கொட்டியிருக்கீங்க. அதான் அவ்வளவு பளிச்சுன்னு தெரிஞ்சுது.”

மேனேஜர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “அந்த வெள்ளிக்கிழமை எழுதிட்டுத்தான் இருந்தேன். மாப்பிள்ளை போன் பண்ணாரு. ‘திங்கக்கிழமை கிளினிக்ல ஒப்பந்தம் புதுப்பிக்கறாங்க, இன்னிக்கு லிஃப்ட்டை நிறுத்தினா வேற கம்பெனிக்குப் போயிடுவாங்க, உங்க பிரிவையே மூடிடுவேன்’னாரு. மூணு நாள்தானேன்னு நெனச்சேன். எலி எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவான்னு நெனச்சேன். செவ்வாய் காலையில வந்ததும் நிறுத்தச் சொல்லணும்னு இருந்தேன். எட்டரைக்கே விழுந்துடுச்சு.”

“சாயங்காலம் வந்து குப்பையைக் கொட்டினது?”

“நான்தான்.”

“இக்னோர் அமுக்கினது?”

அதற்கு அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். “எல்லாத்துக்கும் போட்டோ அனுப்பிட்டே இருந்தே. பல்பு போனா போட்டோ, மின்விசிறி ஓடலைன்னா போட்டோ. தலைவலியா இருந்துச்சு. ஒருநாள் கோவத்துல அமுக்கிட்டேன். ஆனா படிச்சேன்டா. தினமும் அங்க போய்த் திறந்து எல்லாத்தையும் படிச்சேன்.”

 தம்பி மெயிலைப் பற்றியோ லைசென்ஸைப் பற்றியோ கேட்கவில்லை.

“நாலு மாசமா நான் அனுப்பினதெல்லாம் குப்பைக்குத்தான் வந்துச்சா?”

“படிச்சேன்னு சொல்றேன்ல…”

“குப்பைல இருந்து.”

மேனேஜர் தலை குனிந்துகொண்டார்.

 பன்னிரண்டு வருடமாக நான் எத்தனை பேரிடம் அந்த ஹார்ட் டிஸ்க் கதையைச் சொல்லியிருப்பேன்! மனிதர்கள்மேல் நம்பிக்கை குறையும்போதெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்ட கதை அது. “ஏன்க்கா எங்களைக் கூப்பிட்டீங்க? வேற யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே?”

“வெளி ஆள் பாத்துச் சொல்லணும்னு விசாரணைக் குழு சொல்லிடுச்சு.” அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். “நீ என்னை நம்புவேன்னு தெரியும் ஸ்க்ரூ.”

 கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மாப்பிள்ளையின் சட்டையைப் பிடிக்கக் கிளம்பினேனே, அந்தக் கோபத்தைக்கூட இவர்தான் அளந்து எனக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

பாஸ் கைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்தார். மேனேஜர் கேட்ட கடிதத்தை எழுதினார். ரெண்டு வரிதான். ‘தேடினோம். கிடைத்தது.’ கையெழுத்துப் போட்டு, பிரின்ட் எடுத்த தாளோடு சேர்த்துத் தம்பியிடம் கொடுத்தார்.

“இருபத்திரண்டு வருஷத்துல நான் தட்டின பொய் பாதி ‘நான்’னுதான் ஆரம்பிச்சிருக்கு” என்றார் மேனேஜரிடம். “அன்னிக்கு நீங்க பொய் எழுத வரலை, ‘நான்’னு எழுதி அங்கயே நின்னுட்டீங்க. நாலு மணிக்கு மேல அதை முடிக்க உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கு. மாப்பிள்ளை போன் பண்ணினதையும் சேத்து.”

மேனேஜர் கோப்புகளை எடுக்கவில்லை. வெறுங்கையோடு எங்களுக்குப் பின்னால் வந்தார்.

மணி மூன்று ஐம்பது. நடைபாதைக் கோடியில் லிஃப்ட் வந்து நின்றது. தம்பி உள்ளே போய், மெக்கானிக்குகளுக்கே உரிய பழக்கத்தில், கதவு மூடிவிடாமல் ஒரு காலை வாசலில் வைத்துக்கொண்டான். நாங்கள் இருவரும் ஏறினோம். மேனேஜர் வெளியே தயங்கி நின்றார்.

“எலி…” என்றார்.

அவன் காலை எடுக்கவில்லை. அவர் ஏறும்வரை பொறுமையாகக் காத்திருந்தான். ஏறியதும் பொத்தான் பலகைக்கு நேராகத் திரும்பி நின்றுகொண்டான். தினம் முகம் தெரியாத நூறு பேரிடம் கேட்கும் அதே மரியாதையான குரலில் கேட்டான்:

“எந்த மாடி மேடம்?”

மேனேஜர் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.  ஐந்து என்ற பொத்தானை டைப்பிஸ்டம்மாதான் அமுக்கினார்.